காப்பிப்பொடிக் கலர் ஒயர்

நிறங்களின் பெயரெல்லாம் தெரிந்த என் விமலாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்து, இன்னொரு மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஏரி தளும்பி நிற்கிறது. விடிகாலையில் அதிலிருந்து புகை மாதிரி ஒன்று எழும்பி ரோடு வரைக்கும் வருகிறது. நம் வீட்டு கேட்டைத் தொட்டுவிட்டுக் கலைந்துபோகிறது. அந்த நேரத்தில் விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் மேலே சுற்றும். சத்தம் மட்டும் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மெட்ராஸ் இப்போது சென்னை ஆகிவிட்டது. பஸ் போர்டுகளில் பெயரை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம் தெருவில் காலி மனை இன்னும் மூன்றுதான் பாக்கி. நம் கவிதா பத்தாவது போய்விட்டாள். உன் கார் ஓடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் முதலில் எழுத நினைத்தேன். எப்படியோ மற்றதெல்லாம் முந்திக்கொண்டது.

பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டார்கள். கணக்கு வாத்தியார் கணக்கைப் பற்றித்தான் எழுதுவார் என்று நினைத்திருப்பார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். பத்து வருஷமாக நீ ஒருத்தி மட்டும் வைத்துக் காப்பாற்றிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. மற்றவர்களும் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது, இல்லையா? மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் ரவிக்கைத் துணிக்கென்றே இருந்த ஒரு மேட்சிங் சென்டரில் நீ வேலை பார்த்தாய். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் துணி அடுக்கியிருக்கும். யாராவது புடவையைக் கொண்டுவந்து நீட்டினால், நீ ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்பாமலே கையை நீட்டி ஒரு துண்டை உருவுவாய். "இது மாம்பழ மஞ்சள் இல்லைங்க, எலுமிச்சை. வாசல்ல வெயில்ல வெச்சுப் பாருங்க" என்பாய். பார்த்துவிட்டு வந்து, நீ எடுத்ததையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெங்காயச் சருகு. கிளிப்பச்சை. மயில்கழுத்து. அரக்கு. நாவல்பழம். காப்பிப்பொடி. சாயங்காலம் உன்னைக் கூப்பிட வரும்போது கடை வாசலில் நின்று நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். தூக்கத்தில் காதில் விழுகிற ரேடியோ மாதிரி இருக்கும். எனக்கு அவை வெறும் பெயர்கள் என்று அப்போது உனக்குத் தெரியாது.

கார் உன்னுடையது. உன் அப்பா, வண்டலூரைத் தாண்டுவதற்கு முன்னால் இருந்த கார் ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். அங்கே செய்த ஹெரால்டு ஒன்றைப் பழசாக வாங்கி, தானே தட்டிக்கொட்டிச் சரிபண்ணி, கல்யாணத்துக்கு உனக்கென்று கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது என்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. பெண்ணுக்குத் தெரியும் என்பதில் பெருமை இருந்தது. முன் மூடியை மொத்தமாகத் தூக்கி முன்பக்கம் சாய்த்தால், இன்ஜின் முழுதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிற கார் அது. நீ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதை ஓட்டிப்போவதைப் பார்க்க, சேலையூரில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

இனி என்னைப் பற்றி.

காலேஜ் முடித்ததும் ரயில்வேயில் டிரைவர் வேலைக்கு எழுதினேன். பரீட்சையில் தேறினேன். கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள், பக்கம் பூராவும் புள்ளிகள். அதில் ஒரு எண் ஒளிந்திருக்கிறதாம், படிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவன் நாற்பத்தைந்து என்றான், எழுபத்து மூன்று என்றான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய எனக்கு அந்தப் பக்கங்களில் ஒரு எண்ணும் தெரியவில்லை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, "சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரியாது தம்பி. பிறவியிலேயே இப்படித்தான். சிக்னல் பார்க்கிற வேலை ஆகாது" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டில் நான் வேறு சொன்னேன். ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிற வேலை, எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். பிறகு பி.எட். படித்து வாத்தியார் ஆனேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "வீடு தேடி வந்த கவர்மெண்ட் வேலையை வேண்டாம்னு சொன்ன ஆளு" என்று ஊரப்பாக்கம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சின்னதாகச் சொன்ன பொய் அவர் வாயில் போய் மீசை வளர்த்துக்கொண்டது.

உன்னிடம் எப்படி மறைத்தேன்? பழக்கம்தான். தக்காளியைப் பார்த்து வாங்க மாட்டேன், அழுத்திப் பார்த்து வாங்குவேன். சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பேன். நீ புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், கலரின் பெயரைச் சொல்லாமல், "நல்லா இருக்கு" என்பேன். நீ சிரிப்பாய். ஐந்து வருஷம் இப்படியே போனது.

அந்த ஐந்தாவது வருஷ மழை உனக்கு ஞாபகம் இருக்கும். கவிதாவுக்கு நாலு வயது. ஹெரால்டின் டைனமோ தளர்ந்துகொண்டே வந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிறது அதுதான். வைப்பரைப் போட்டால் விளக்கு மங்கும், விளக்கைப் போட்டால் வைப்பர் பாதியில் நின்று யோசிக்கும். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது, கவிதா பின் சீட்டில், நான் உன் பக்கத்தில். சேலையூரைத் தாண்டிய ஏரி வளைவில் இரண்டு விளக்கும் ஒன்றாகச் செத்துவிட்டன. எதிரே லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. ரோடு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. நீ கண்ணாடியை இறக்கிவிட்டு, மழையில் தலையை வெளியே நீட்டி, சத்தத்தை வைத்தே காரை ஓரம் கட்டினாய். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை. உன் கையைப் பிரித்து எடுத்தது நான்தான்.

மறுநாளே முடிவு செய்தேன். டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது. மெதுவாக ஓடினாலும் கரண்ட் தரும், மழையை எல்லாம் கண்டுகொள்ளாது. உன் அப்பாவிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுத்திருப்பார். "அப்பாகிட்ட சொல்லலாமே" என்று நீயும் இரண்டு தரம் சொன்னாய். இது வெறும் சர்க்யூட், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உண்மைக் காரணம் வேறு. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ளே, அந்தப் பச்சைக் கோடு போட்ட ஒயரை இப்படி எடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மாட்டிக்கொள்வேன்.

புதுப்பேட்டை பழைய கார் சாமான் கடைகளில், ஒரு வேனிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர் கிடைத்தது. ஹெரால்டில் அது உட்காரவில்லை. படப்பையில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இன்னா சார், வேன் சாமானைக் கொண்டாந்து இந்தக் குட்டிக் காருக்குப் போடச் சொல்றீங்க" என்று அந்தப் பட்டறைக்காரர் அலுத்துக்கொண்டாலும், இரும்புப் பட்டையை வளைத்துத் துளை போட்டு, இரண்டு நாளில் கச்சிதமாக ஒரு தாங்கி செய்து கொடுத்தார். பெல்ட்டும் சரியாக உட்கார்ந்தது. மிச்சம் ஒயரிங் மட்டும்தான்.

விஷயம் இவ்வளவுதான். டைனமோ தருகிற கரண்டைச் சீர்பண்ணி பேட்டரிக்கு அனுப்ப, இன்ஜின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஆல்டர்னேட்டர் அந்த வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும். ஆகவே பெட்டியைக் கழற்றிவிட்டு, அதில் வந்து சேர்ந்திருந்த ஒயர்களைச் சரியான ஜோடியாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். தடித்தது இரண்டும் ஒரு ஜோடி. மெல்லியது இரண்டும் ஒரு ஜோடி, அது மீட்டர் பக்கத்தில் இருக்கிற எச்சரிக்கை விளக்குக்குப் போவது. தனியாக ஒரு கறுப்பு, அது காரின் பாடிக்குப் போவது. அதைச் சேர்க்கக் கூடாது, நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். தடித்தது, மெல்லியது. விரலுக்கே தெரிந்துவிடும், கண் எதற்கு என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் டிவியில் ஒரே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். தடித்த ஒயர் இரண்டு இல்லை, மூன்று இருந்தது. முன்பு எவரோ ரிப்பேர் செய்தபோது பாடி ஒயரை மாற்றி, அதையும் தடியாகவே போட்டிருந்தார். ஒன்று ஆல்டர்னேட்டர் பக்கம் போவது, கையால் தடவிக் கண்டுபிடித்துவிட்டேன். மற்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கட்டுக்குள் போயின. ஒன்று கறுப்பு, இன்னொன்று வேறு ஏதோ. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீ உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாய். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன், விமலா. இரண்டில் ஒன்று எனக்குக் கொஞ்சம் அதிகக் கறுப்பாகத் தெரிந்தது. அதை ஒதுக்கி டேப் சுற்றினேன். மற்றதைச் சேர்த்து முறுக்கினேன். பழைய ஒயர் தாங்குமோ தாங்காதோ என்று, ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக பேட்டரிக்குப் புதிதாக இன்னொரு தடித்த ஒயரும் இழுத்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று பேட்டரி முனையை எடுத்து வைத்தேன்.

படார் என்று ஒரு பொறி. ஒயர் மேல் தோல் பொங்கி, புகை எழும்பியது. நான் ஒதுக்கிவைத்தது பேட்டரி ஒயர், சேர்த்து முறுக்கியது பாடி ஒயர். பேட்டரியில் இருந்த அத்தனை கரண்டும், நான் புதிதாக இழுத்த ஒயரில் வந்து, அந்த முடிச்சு வழியாக நேரே பாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. முனையைப் பிடித்து இழுத்தேன், வெண்ணெய் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, வரவில்லை. அப்போதுதான் காருக்குள்ளிருந்து கவிதா இருமுகிற சத்தம் கேட்டது. ஒயர்களுக்கு மேல் குனிந்தே இருந்ததால் அவள் உள்ளே ஏறி உட்கார்ந்ததை நான் பார்க்கவே இல்லை.

நீ எப்போது ஓடி வந்தாய் என்று தெரியாது. கதவைத் திறந்து குழந்தையை இழுத்துக் கொடி மல்லிப் பக்கம் விட்டுவிட்டு, கையில் இருந்த கரித்துணியோடு வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினாய். சத்தம் அடங்கியது. புகை சும்மா நின்றுகொண்டிருந்தது. என் உள்ளங்கையில் ஒரு கோடு வெந்திருந்தது. கவிதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, இன்னொரு தரம் பண்ணுங்கப்பா என்றாள்.

நீ குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாய்.

"கறுப்பைப் போய் சேர்த்திருக்கீங்க. காப்பிப்பொடிக் கலரைச் சும்மா விட்டிருக்கீங்க. ஏன்?"

நீ என்னைப் பார்த்தாய், மறுபடி ஒயரைப் பார்த்தாய். நிறத்திலேயே பிழைக்கிறவள், உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே போய், கடைப் பையிலிருந்து இரண்டு துண்டுத் துணி எடுத்து வந்து என் முன்னால் பிடித்தாய். எது பச்சை என்று கேட்டாய். வலது கையில் இருந்ததைக் காட்டினேன். அது அரக்கு என்றாய். இரண்டுமே அரக்குதான் என்றாய்.

அதற்குப் பிறகு நீ கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாய்.

"அப்போ அஞ்சு வருஷமா நான் கட்டின புடவையெல்லாம் நீங்க பார்க்கவே இல்லையா?"

ஆறு நாள் பேசவில்லை. சோறு போட்டாய், சட்டையை மடித்து வைத்தாய், பேசவில்லை. பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தாய். கார் முன் மூடி திறந்தபடி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளோடு மழையில் நின்றது. ரயில்வே பொய்யை நான் முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தேன். அது உனக்குப் பெரிதாகப் படவில்லை. "நல்லா இருக்கு" என்ற இரண்டு வார்த்தைதான் உன்னை அறுத்தது என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு நீ போகவில்லை. வெளியே தூறல். கவிதா தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் வைத்தாய். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாய்.

"நேத்து கரண்ட் போனப்ப கடையில நின்னு பார்த்தேன்" என்றாய். "எல்லாத் துணியும் ஒரே மாதிரி இருந்தது. உங்களுக்கு எப்பவுமே அப்படித்தானா?"

அப்படி இல்லை என்றேன். மஞ்சள் நன்றாகத் தெரியும். நீலம் மிக நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பழுப்பும்தான் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒளிந்துகொள்ளும் என்றேன். பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறபோது எனக்கே யாரோ சொல்வது மாதிரி இருந்தது.

நீ ஒவ்வொரு புடவையாக விரித்தாய். இது? வெந்த மண் மாதிரி. இது? இதுவும் அதேதான், கொஞ்சம் ஈரமாக. இது? சாயங்கால வானம், ரயில் கம்பிகளுக்குப் பின்னால் தெரிகிற வானம். அது தலை தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்து. நீ பச்சையும் நீலமும் கலந்து பார்த்தது, நான் நீலம் மட்டும் பார்த்தது. "அப்போ இதை நிஜமாவே பார்த்திருக்கீங்க" என்று அதை எடுத்துத் தனியாக வைத்தாய். ஜன்னல் வெளிச்சம் மழைக்குள்ளிருந்து வந்து அந்தத் துணிகள் மேல் படுத்திருந்தது. முப்பத்தொரு புடவையில் ஒன்பதை நான் நிஜமாகப் பார்த்திருந்தேன். மற்ற இருபத்திரண்டையும் மடித்து வைக்கும்போது நீ அழுதாயா, சிரித்தாயா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பார்க்கிறது கலரை மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி அன்று எனக்கு இல்லை.

மறுநாள் காலை நீயே வந்து காரின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாய். எரிந்த ஒயர்களை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நான் ஒவ்வொரு ஒயராக நீட்ட, நீ பெயர் சொன்னாய். காப்பிப்பொடி. காப்பிப்பொடியில் எலுமிச்சைக் கோடு. காப்பிப்பொடியில் கிளிப்பச்சைக் கோடு. இது கறுப்பு, இதைத் தொடாதீங்க. உன் குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். காப்பிப்பொடியும் எலுமிச்சைக் கோடு போட்டதும் சேர்ந்தன. மெல்லியவை இரண்டும் சேர்ந்தன. கறுப்பு ஓரமாகப் போய் டேப்புக்குள் படுத்துக்கொண்டது.

சாவியைத் திருப்பும்போது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அது அணைய வேண்டும். அணைந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு எனக்குத் தெரியவே தெரியாது. நீ உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாய். நான் வெளியே ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன்.

"எரியுது" என்றாய்.

இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது.

"இன்னும் எரியுது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுக்கிறேன். எரியுது... அணைஞ்சிடுச்சுங்க."

அவ்வளவுதான். அந்த மழைக்காலம் பூராவும் இரண்டு விளக்கும் ஏரி வளைவில் நிமிர்ந்து எரிந்தன. நீ ஓட்டிக்கொண்டே எனக்குக் கலர் சொல்லி வந்தாய். அது எப்போது வழக்கமானது என்று தெரியவில்லை. பெயர் சொல்லாமல் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தாய். பச்சைக்கு, வெயிலில் நடந்து வந்து மண்பானைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி என்றாய். சிவப்புக்கு ரொம்ப நேரம் யோசித்தாய். காய்ச்சலில் காது மடல் சுடுமே, அது என்றாய். வண்டலூர் தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் ஓடும்போது, எனக்கு எல்லாம் ஒரே மண் நிறமாகத்தான் ஓடின. ஆனால் உன் குரல் கேட்கும்போது அவற்றுக்குள் குளிர்ச்சியாக ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கும். அது பார்ப்பதுதானா? எனக்குத் தெரியாது. பத்து வருஷம் அப்படித்தான் பார்த்தேன்.

உன் அப்பாவிடம் நீ சொல்லவே இல்லை. அவர் என் ரயில்வே வீரத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு தரமும், நீ தலையைக் குனிந்து இலையைப் பார்த்துச் சாப்பிடுவாய். உனக்குப் பொய் வராது. எனக்காகச் சும்மா இருந்தாய்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். பதினோரு நாள்தான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன மாதம் ஊரப்பாக்கத்தில் உன் அப்பா வீட்டில் மாமாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வண்டி அசையவில்லை. மாமாவே எட்டிப் பார்த்து, பேட்டரி காலி, ஆல்டர்னேட்டர் போயிடுச்சு மாப்ளே என்றார். வண்டி இங்கேயே இருக்கட்டும், நீங்க சாமானை வாங்கிட்டு வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிடலாம் என்றார். நானும் கவிதாவும் ரயிலில் வீடு வந்து சேர்ந்தோம். தட்டிக்கழிக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, துணிப்பையில் ஆல்டர்னேட்டரை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். கவிதா டியூஷனுக்குப் போயிருந்தாள். பை சின்னக் குழந்தை கனம். ஜன்னலுக்கு வெளியே பெருங்களத்தூர் ஏரித் தண்ணீர் பளபளத்துக்கொண்டு வந்தது. இப்போது அது என்ன கலர் என்று சொல்ல ஆள் இல்லை. எதிர் சீட்டில் இருந்தவர் பையில் என்ன சார் என்று கேட்டார். வீட்டுக்காரியோட கார் சாமான் என்றேன்.

மாமாவுக்குப் போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனது. நீ இருந்திருந்தால் நீதான் கூட்டிப்போயிருப்பாய். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எல்லாக் கலரும் புதுசாகத் தெரிகிறதாம். வேப்பிலையைக்கூட நின்று பார்க்கிறார். அப்படிப்பட்டவர் முன்னால் நான் புது ஆல்டர்னேட்டரை எடுத்து வைத்தேன். அதன் பின்னால் மூன்று ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது, மூன்றும் ஒரே தடிமன். கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: சிவப்பு பேட்டரிக்கு, பச்சை விளக்குக்கு, கறுப்பு பாடிக்கு.

மாமா ஸ்பானரோடு குனிந்து காத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சாக்குச் சொல்லி அவரையே சேர்க்கச் சொல்லியிருக்கலாம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, விமலா. அப்புறம், புகைக்குள் கவிதா இருமிய சத்தம் ஞாபகம் வந்தது.

"மாமா, இதுல சிவப்பு எது?"

அவர் ஒயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக விரலை வைத்தார். "இது சிவப்பு. இது பச்சை. இது கறுப்பு." நான் சேர்க்கச் சேர்க்க, அடுத்தது எது என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். முடித்ததும் தானே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, விளக்கு அணைந்துவிட்டது என்று சொன்னார்.

கையைக் கழுவிக்கொண்டு, கிணற்றடியில் டீ குடித்தோம். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"விமலாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. பத்து வருஷமா தெரியும்."

"ரயில்வே வேலை..."

"அவங்கதான் என்னை வேண்டாம்னு சொன்னாங்க, மாமா."

தலையாட்டினார். வேப்ப மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் ஊரெல்லாம் தான் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்திருப்பார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். "என்கிட்டகூடச் சொல்லலையே அவ" என்றார். அது வருத்தமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

ஒயர் எரிந்த வருஷம் நீ என்னைக் கூட்டிப்போன கண் டாக்டர் நம் இருவரிடமும் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இது பெண் வழியாகப் பேரனுக்கு வரலாம், வராமலும் போகலாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்றார். வெளியே வந்ததும், அவளுக்கு விவரம் தெரியட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்க என்றாய். நான் நீ பக்கத்தில் இருப்பாய் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இனிமேல் தள்ளிப்போட மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. இந்தத் தாள்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கவிதாவிடம் சொல்லிவிடுவேன், நாளைக் காலையிலேயே. அவள் எரிந்த ஒயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், என் வாயால் தெரிந்துகொள்ளட்டும். கோபப்பட்டால் படட்டும், எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். இப்போதெல்லாம் அவள் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு வந்து நின்று, எப்படிப்பா இருக்கு என்று கேட்கிறாள். இத்தனை நாள் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நீ கட்டியிருக்கிறது என்ன கலர் பாப்பா என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
தனசேகரன்